மளிகைச் சீட்டும் ஒரு கணக்கேடுதான்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. திருமுல்கேரி லால் பஜாரிலிருந்து கனத்த பைகளோடு வீடு திரும்பிச் சற்றே அமர்கிறோம். அப்போதுதான் உளுந்து வாங்காதது தெரிகிறது. பெருங்காயமோ, முன்பே இரண்டு டப்பா இருக்க, மூன்றாவதும் வந்துவிட்டது. மீண்டும் கடைக்கு நடை. நினைவுக்கு வந்த வரிசையில் சீட்டு எழுதுவதால் நேர்வது இது. சீட்டை முறைப்படுத்தினால் நேரமும் பணமும் ஒருங்கே மிஞ்சும்.

குறைந்தபட்ச இருப்பு

வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பைக் கவனிப்பதுபோல, சமையலறையிலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை வகுக்கலாம். ஒரு வாரத் தேவையே அந்த எல்லை. நாள்தோறும் 150 கிராம் துவரம்பருப்பு செலவாகும் வீட்டில், இருப்பு ஒரு கிலோவைத் தொட்டதும் அது சீட்டில் ஏற வேண்டும். மாதத் தேவையை அறிவதும் எளிது. அரிசி மூட்டையைப் பிரித்த நாளையும் தீர்ந்த நாளையும் குறித்து வைப்போம். 10 கிலோ 25 நாளில் தீர்ந்தால், நாளொன்றுக்கு 400 கிராம். 30 நாளுக்கு 12 கிலோ.

கடைக்கு ஒரு பத்தி

சீட்டை மூன்று பத்திகளாகப் பிரிப்போம். முதற்பத்தி, மாதம் ஒருமுறை வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. இரண்டாவது, வாரம் ஒருமுறை வாங்கும் காய்கறி. மூன்றாவது, அவ்வப்போது வாங்கும் பால், தயிர், கீரை. காய்கறிப் பத்தியை அல்வால் ரைத்து பஜாருக்கு எடுத்துச் செல்லலாம். உழவர்களே நேரில் விற்கும் இச்சந்தைகள், தமிழகத்தின் உழவர் சந்தைகளைப்போலவே 1999-இல் தொடங்கியவை. அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்தபின் எந்தக் காய் என முடிவு செய்யலாம். ஆகவே இப்பத்தியில் 'காய் நான்கு வகை, கிழங்கு ஒன்று' என்று எழுதினாலே போதும்.

சோனா மசூரி பச்சரிசி இங்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். இட்லி அரிசிக்குச் சில வேளை கடை தேட நேரும். அத்தகைய பொருள்களுக்கு எதிரே, கிடைக்கும் கடையின் பெயரையும் குறித்துவிடுவது நலம்.

இரு மொழிப் பெயர்கள்

சென்னை மாகாணப் படைகளோடு வந்து கண்டோன்மென்ட் பகுதியில் குடியேறியவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. எனினும் அண்மையில் மாற்றலாகி வந்தோர்க்குக் கடைக்காரரின் தெலுங்கு புதிது. தமிழ்ப் பெயரின் அருகே அங்கு வழங்கும் பெயரையும் எழுதினால் பேச்சு சுருங்கும். துவரம்பருப்பு கந்திபப்பு, உளுத்தம்பருப்பு மினபப்பு, கடலைப்பருப்பு செனகபப்பு, பாசிப்பருப்பு பெசரபப்பு, கடுகு ஆவாலு, வெந்தயம் மெந்துலு, கொத்தமல்லி விதை தனியாலு. பெயருக்கு நேரே அளவும் இருக்கட்டும். 'எண்ணெய்' என்று மட்டும் எழுதினால், எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்று கேட்கக் கடையிலிருந்து கைப்பேசி அழைப்பு வரும்.

யாரும் படிக்கும் சீட்டு

பல இல்லங்களில் இந்தக் கணக்கு முழுவதும் இல்லத்தரசி ஒருவரின் நினைவிலேயே இருக்கிறது. அவர் நோயுற்றாலோ வெளியூர் சென்றாலோ, எது தீர்ந்தது, எங்கே வாங்குவது என்று மற்றவர்க்குத் தெரிவதில்லை. படுக்கையிலிருந்தபடியே அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நேர்கிறது. சமையலறைக் கதவில் ஒரு தாளும் பென்சிலும் தொங்கட்டும். எல்லை தொட்ட பொருளை, கடைசியாக எடுத்தவரே எழுதட்டும். பள்ளி செல்லும் பிள்ளையும் இதைச் செய்யலாம்.

மாத இறுதியில் சீட்டின் ஓரத்தில் செலவின் கூட்டுத்தொகையை எழுதி, தாளைக் கோப்பில் சேர்ப்போம். மூன்று மாதச் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், வீட்டின் உண்மையான மளிகைச் செலவு தெளிவாகும். அதனின்று மிஞ்சும் தொகை சிறிதாயினும், அதையே மாதத் தவணையாகக் கொண்டு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கலாம். மிஞ்சிய ஞாயிறு மாலையோ, வீட்டார் அனைவருக்கும் உரியது.