பழைய சக்கரங்கள் – 9: இறக்கத்தில் ஒரு முறுக்கு

எங்கள் வீட்டு ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒன்றே. இடது பக்கம் ஒரே ஒரு கம்பி. அதை உள்பக்கமாக அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர். உதைத்து இன்ஜின் பிடித்ததும் முன்னால் மடக்கிவிட்டால் கியர். புதிதாக ஏறுகிறவர்கள் கிக்கர் எங்கே என்று வலது பக்கம் குனிந்து தேடுவார்கள். கியர் மாற்றக் கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. காலால் கம்பியை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விலகிக்கொடுக்கும். அப்பா அப்படித்தான் ஓட்டுவார்.

செக்கோஸ்லோவாகியாவில் 1929இல் பிறந்த வண்டி இது. யானெச்செக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தொழிலை வாங்கி, தன் பெயரின் முதலெழுத்துகளையும் அதன் முதலெழுத்துகளையும் சேர்த்து ஜாவா என்று வைத்தார். 1960களின் தொடக்கத்தில் மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை வந்தது. பிறகு அங்கேயே யெஸ்டி ஆனது. 1996இல் மூடிவிட்டார்கள். சத்தியமங்கலத்துக்காரர்களான எங்களுக்கு மைசூர் என்பது மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். அதனால் ஜாவாவை வெளிநாட்டு வண்டியாக நாங்கள் நினைத்ததே கிடையாது.

250 சி.சி., ஒரே சிலிண்டர். ஆனால் புகைக்குழாய் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அந்த இரண்டு குழாயிலிருந்தும் வரும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. கேட்காதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க என்னால் ஆகாது. பேருந்து நிலையத்துப் பக்கம் அப்பா திரும்பும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார்.

ஜாவாவின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் உள்ளே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. லிட்டருக்கு 40 மில்லி என்பது அப்பாவின் கணக்கு. அதற்கென்று ஒரு தகரக் குவளை வைத்திருந்தார். அதில் வேறெதையும் ஊற்ற விடமாட்டார். மாதம் ஒரு ஞாயிறு, சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவி, கொல்லையில் விறகு மூட்டிச் சுட்டுக் கரியைத் தட்டுவார். பிளக்கை உப்புத்தாளில் தேய்ப்பது என் வேலை.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு ஏறி, ஆசனூரில் டீ குடித்துத் திரும்புவோம். இறங்கும்போது அப்பா ஒரு காரியம் செய்வார். வண்டி தானாக உருண்டு போகிற இடத்திலும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி விடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது ஏதோ கைப்பழக்கம் என்றுதான் பட்டது.

1991 தை மாதத்தில் முதல்முறையாகத் தனியே மலையேறினேன். திரும்பும்போது பெட்ரோல் மிச்சம் என்று ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரில் இறங்கிக்கொண்டே வந்தேன். இன்ஜின் இரைந்தது. கீழே ஏழெட்டு வளைவுகள் இருக்கும்போது அந்த இரைச்சல் சட்டென்று நின்று, பின்சக்கரம் உருளாமல் இழுத்தது. கை எப்படியோ கிளட்சைப் பிடித்துவிட்டது. எதிரே ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஓரமாக உருட்டி நிறுத்திய பிறகுதான் கால் நடுங்கத் தொடங்கியது.

லாரி ஒன்றில் ஏற்றிச் சத்தி கொண்டுவந்தேன். வயதான மெக்கானிக் இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இறக்கத்துல ஆக்சிலேட்டர மூடிட்டே வந்தீங்களாக்கும்?"

"ஆமாங்க."

"பெட்ரோல் போனாத்தானுங்க ஆயில் போகும். நீங்க ரெண்டையும் நிறுத்திப்போட்டு பிஸ்டனை மட்டும் ஓடுன்னா, அது எப்படிங்க ஓடும்?"

அப்போதுதான் அப்பாவின் வலது கை எனக்குப் புரிந்தது. அத்தனை வருடம் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் இறங்கியிருக்கிறேன். கண்முன்னால் நடந்த பாடம். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. பழைய வண்டி வைத்திருந்த யாரிடம் பேசினாலும் இப்படி ஒன்று வருகிறது. கோவையில் ஒரு வங்கி ஊழியர், தன் மாமா ரிசர்வ் குழாயைத் திருப்பும் முன் டேங்கைக் காதருகே தட்டிப் பார்ப்பதைச் சொன்னார். மாமா போன பிறகும் தான் தட்டுவதாகச் சொன்னார்.

ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா தினம். மைசூரிலும் பெங்களூரிலும் பழைய வண்டிகளோடு கூடுகிறார்கள். 2018இல் ஜாவா என்ற பெயரில் மறுபடியும் புது வண்டிகள் வந்தன. நல்ல வண்டிகள்தான். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை.

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு அன்று இரவு வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் இருந்தார். சத்தமில்லாமல் நடந்து வருகிறவனைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். "அடி ஏதும் படலியே கண்ணு?" என்றார். மறுநாள் பட்டறைக்குப் போய்ப் புது பிஸ்டன் போடச் சொல்லி, பழையதைக் கேட்டு வாங்கி வந்தார்.

அது இப்போது என் மேசை மேல் இருக்கிறது. பின்பக்கம் வழுவழுவென்று அப்படியே இருக்கிறது. முன்பக்கம், புகை வெளியேறும் துவாரங்களைப் பார்த்திருந்த பக்கம், மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோல் கோடுகள்.