வெட்பாலை எண்ணெய்



எங்க பெரியம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷமா அவருக்கு முழங்கை, முழங்கால், தலையில் எல்லாம் தோல் சிவந்து, செதில் செதிலா உதிருது. கம்பெனியில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நானும் அவர் குடிச்ச டம்ளரைத் தனியா எடுத்து வைத்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

போன லீவில் அவரோடு அரசு சித்த மருத்துவரிடம் போனேன். இதற்குச் சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று பெயர். ஆங்கில மருத்துவத்தில் சோரியாசிஸ். நம் தோல் புதுசாக மாற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோய் இருந்தால் சில நாளிலேயே புதுத்தோல் வந்து மேலே குவியும். அதுதான் செதில். இது கிருமியால் வருவதில்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது!

இதற்கு வெட்பாலைத் தைலம் கொடுத்தார்கள். வெட்பாலை இலையைக் கிள்ளினால் பால் வரும். பூ வெள்ளையா இருக்கும். காய்கள் ஜோடி ஜோடியா நுனி ஒட்டித் தொங்கும். பச்சை இலையைக் கையால் கிழித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். அந்தக் காலத்தில் இந்த இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்தார்களாம். சாயப்பட்டறை ஊரில் இருக்கும் நமக்கே இது தெரியவில்லை பாருங்கள்!

கவனம்: குடசப்பாலை மரமும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதனால் நாமாக இலை பறித்துப் பூசக் கூடாது. டாக்டர் கொடுத்த மருந்தையும் நாமாக நிறுத்தக் கூடாது. இந்த நோய் அடங்கும், திரும்பவும் வரும். அதனால் 'ஒரே வாரத்தில் குணம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில், சோரியாசிஸ் தொற்றாத நோய் என்று தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் 29 உலக சோரியாசிஸ் தினம்.

பெரியம்மாவுக்கு இப்போது அரிப்பு குறைந்திருக்கிறது. செதில் இன்னும் இருக்கு. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போ கண்ணு, உனக்கென்ன தெரியும்" என்றார். இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி, மண்ணரை