ஹில்சாவுக்கு ஏது எல்லை?

நதிக்கு ஒரு சட்டம், கடலுக்கு ஒரு சட்டம், பக்கத்து நாட்டுக்கு இன்னொன்று. நடுவில் தவிக்கிறது வங்கத்தின் செல்ல மீன்.

மழைக்காலம் வந்துவிட்டால் கொல்கத்தா மீன் மார்க்கெட்டுகளில் ஒரே பேச்சு: இலிஷ் என்ன விலை? தமிழில் உல்லம் எனப்படும் இந்த ஹில்சா மீன் வாழ்வது கடலில், முட்டையிடுவதோ நதியில். குஞ்சுகள் சில மாதங்கள் நல்ல தண்ணீரில் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன.

முன்பு கங்கையில் அலகாபாத் வரையிலும், சில சமயம் யமுனை வழியாக ஆக்ராவுக்கும்கூட ஹில்சா போனது. 1975-ல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியதும் பாதை அடைபட்டது. பிஹார், உத்தரப் பிரதேச மீனவர்களின் வலைகளில் ஹில்சா அபூர்வமாகிவிட்டது. இப்போது பாரக்பூர் மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் மீன்களைப் பிடித்து, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு நதியின் மீன்வளத்தை எத்தனை நாள் இப்படிச் சுமப்பது?

அணைக்குக் கீழேயும் நிலைமை சிக்கல்தான். 2013-ல் மேற்கு வங்க அரசு பாகீரதி-ஹூக்ளியில் லால்பாக் முதல் ஃபராக்கா வரை, டயமண்ட் ஹார்பர் பகுதி என்று சில இடங்களை ஹில்சா சரணாலயமாக அறிவித்தது. 23 செ.மீ.க்குக் குறைவான மீனைப் பிடிக்கவும் தடை. இருந்தும் 'கோகா இலிஷ்' என்ற குட்டி மீன் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. தவிர, ஒரு சரணாலயத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் மீன், நடுவில் வலைகளைத் தாண்டியாக வேண்டும்.

கடலில் 2025 வரை இரு நாடுகளுக்கும் இரண்டு காலண்டர் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் இந்தியாவின் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வங்கதேசத்திலோ மே 20 முதல் ஜூலை 23 வரை இருந்தது. ஜூன் பாதியில் இந்தியப் படகுகள் கிளம்பும்போது அவர்கள் கரையில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. 'நாங்கள் பட்டினி கிடந்து காப்பாற்றுவதை அவர்கள் அள்ளுகிறார்கள்' என்பது அந்நாட்டு மீனவர்களின் பல வருடப் புகாராக இருந்தது. 2025-ல் வங்கதேசம் தன் தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றிக்கொண்டது.

இனி பேச வேண்டியது முட்டையிடும் காலம் பற்றி. அக்டோபர் வாக்கில் வங்கதேசம் 22 நாட்கள் ஹில்சா பிடிப்பதை நிறுத்துகிறது; மீனவக் குடும்பங்களுக்கு அரிசி தருகிறது. மேற்கு வங்கத்தின் 2013 விதியில் இருப்பது பௌர்ணமிக்கு முன்னே ஐந்து நாள், பின்னே ஐந்து நாள்.