டிஸ்க்கில் லேசர் எழுதுவது எங்கே?

திருமணப் படங்கள், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ என்று எழுதி வைத்த சிடி, டிவிடிக்கள் பல வீடுகளில் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. "எல்லாமே ஒரே மாதிரிதானே பளபளக்கிறது, எது அதிக நாள் தாங்கும்?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பளபளப்பு ஒன்றுதான். ஆனால் தகவல் பதிவாகும் இடம் டிஸ்க்குக்கு டிஸ்க் வேறு. அது தெரிந்தால் எந்த டிஸ்க்கை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கடையில் வாங்கிய சிடி

தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் பாட்டு சிடியின் உலோகப் படலத்தை லேசர் தொடுவதே இல்லை. கண்ணாடித் தட்டின் மேல் ஒளி பட்டால் மாறும் ஒரு பூச்சு பூசி, அதில்தான் லேசரால் குழிகளை எழுதுகிறார்கள். அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை வார்க்கிறார்கள். பிளாஸ்டிக்கில் விழுந்த குழிகளின் மேல் மிக மெல்லிய அலுமினியப் படலம் போர்த்தப்படுகிறது.

ஒரு குழியின் அகலம் சுமார் 0.5 மைக்ரான், ஆழம் சுமார் 0.1 மைக்ரான். குழிகளின் வரிசைகளுக்கு இடையே 1.6 மைக்ரான் தூரம். ஒரு தலைமுடியின் அகலத்தில் சுமார் 40 வரிசைகள் அடங்கும் என்றால் எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

டிரைவில் உள்ள 780 நானோமீட்டர் லேசர் இந்தப் படலத்தில் பட்டுத் திரும்பும்போது, குழி உள்ள இடத்தில் ஒளி மங்குகிறது; சமதளத்தில் பிரகாசமாகத் திரும்புகிறது. பிரகாசம் மாறும் இடம் 1, மாறாமல் நீளும் இடம் 0. இங்கே தகவல் பிளாஸ்டிக்கின் வடிவத்திலேயே இருப்பதால் இந்த வகை சிடி நன்றாகவே தாங்கும்.

நாம் எழுதும் சிடி-ஆர்

சிடி-ஆர், டிவிடி-ஆர் டிஸ்க்குகளில் வெள்ளி போன்ற உலோகப் படலம் வெறும் கண்ணாடி வேலைதான் செய்கிறது. அதற்குக் கீழே ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் சுடுவது அந்தச் சாயத்தைத்தான். "பர்ன் செய்வது" என்று சொல்வது இதனால்தான். பாதி மட்டும் எழுதிய சிடி-ஆரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்பக்கம் எழுதிய வளையமும் வெளியே எழுதாத பகுதியும் நிறத்தில் வேறுபடுவது கண்ணுக்கே தெரியும்.

சாயம் வெயிலிலும் சூட்டிலும் கெடும். ஈரக்காற்று உள்ளே போனால் வெள்ளிப் படலமும் அரிக்கும். எனவே நம் வீட்டு டிஸ்க்குகளில் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வகைதான்.

உலோகத்தையே மாற்றும் ஆர்-டபிள்யூ

சிடி-ஆர்டபிள்யூவில்தான் லேசர் உண்மையிலேயே உலோகப் படலத்தின் மேல் எழுதுகிறது. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த கலவை அது. சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான பாகு வேகமாக ஆறினால் கண்ணாடி போல இறுகும். நிதானமாக விட்டால் கற்கண்டாகப் படிகம் கட்டும். இந்தக் கலவையும் அப்படித்தான். லேசர் அதிக சக்தியில் ஒரு புள்ளியை உருக்கிச் சட்டென்று விட்டால் அந்த இடம் படிகமில்லாமல் மங்கலாக உறைகிறது. நடுத்தரச் சூட்டில் வைத்தால் மீண்டும் படிகமாகிப் பளபளக்கிறது. முதலாவது எழுதுவது, இரண்டாவது அழிப்பது. சுமார் 1000 முறை இப்படிச் செய்யலாம்.

மாற்றுவது சுலபம் என்பதே இதன் பலவீனமும்கூட. சூடான இடத்தில் நெடுநாள் கிடந்தால் மங்கல் புள்ளிகள் மெல்ல மெல்லப் படிகமாகத் திரும்பலாம். எனவே நிரந்தரச் சேமிப்புக்கு ஆர்-டபிள்யூ வேண்டாம்.

ப்ளூ-ரே பதிவு டிஸ்க்குகளில் சில வகைகள் தாமிரம், சிலிக்கான் என்ற இரண்டு படலங்களை லேசரால் ஒன்றாகக் கலந்து எழுதுகின்றன. இவற்றில் சாயம் இல்லை. கலந்ததைப் பிரிக்க முடியாது என்பதால் அழிக்கவும் முடியாது. ஆனால் இந்தச் சந்தை சுருங்கி வருகிறது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் பதிவு ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

* கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் போதும்.

* சிடி-ஆர், டிவிடி-ஆர், பிறகு ஆர்-டபிள்யூ என்ற வரிசையில் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். ஒரு பைல் படிக்க மறுத்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். பிறகு வேறு டிரைவில் முயலுங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு.

* சிடியின் உலோகப் படலம் லேபிள் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. பால்பாயிண்ட் பேனாவால் அதில் எழுதாதீர்கள். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

* காப்பி செய்த படங்களைத் திறந்து பாருங்கள். இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் பெட்டியில் வைத்த சாயம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.