உஷார்! இடித்த வீட்டுக் கட்டை அடுப்புக்கு வேண்டாம்

விறகு அடுப்பு வைத்திருக்கிறீர்களா? இடித்த வீட்டிலிருந்து சும்மா கிடைத்த கட்டைகளை மூலையில் அடுக்கி வைத்திருக்கிறீர்களா? அவற்றில் ஒன்றைக்கூட அடுப்பில் வைக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

ஐப்பசி அடைமழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டிலிருந்து பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, மைக்கா ஒட்டிய அலமாரிப் பலகை எல்லாவற்றையும் அள்ளி வந்தார் ஒரு பெண். வெந்நீர் அடுப்புக்கு ஆகுமே என்று. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்திவிட்டார். சில நாளிலேயே கண் எரிச்சல், தொண்டைக் கமறல். பிறகு தலைவலி, குமட்டல். பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு குடித்தார். மகளுக்கும் காலையில் அதே தலைவலி. பள்ளிக்கூடம் போனதும் சரியாகிவிடும். யாருக்கும் சந்தேகமே வரவில்லை! ஒருநாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது இதைத்தான்: “அடுப்புல என்னம்மா எரிக்கிறீங்க?”

நல்லவேளை, பிழைத்தார்.

பிளைவுட்டை ஒட்டியிருக்கும் பசை எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும். கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் விஷம் அது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த கதவில் எவ்வளவு ஈயம் இருக்கிறதோ, பார்த்தால் தெரியாது. கரையான் அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக்கே இருக்கலாம். தீ பற்ற கேரி பையையோ பிவிசி பைப் துண்டையோ செருகுகிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள்.

சாம்பலைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ஈயமும் ஆர்சனிக்கும் எரிந்து காணாமல் போகாது. சாம்பலில் தங்கிவிடும். அதை எடுத்துப் பாத்திரம் தேய்க்கிறோம், கீரைப் பாத்திக்குத் தூவுகிறோம். தவழும் குழந்தை அதில் கை வைத்து வாயில் வைக்கும். குழந்தையின் மூளையைத்தான் ஈயம் குறிப்பாகத் தாக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது!

நல்ல வேலிக்காத்தான் விறகென்றாலும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுப்பவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேண்டவே வேண்டாம்.

இவற்றைக் கண்டால் உஷார்:

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது.

தலைசுற்றல், வாந்தி, கை கால் தளர்ச்சி, பேச்சில் குழப்பம்.

புகையில் பிளாஸ்டிக் நெடி, மூக்கைத் துளைக்கும் காரம்.

கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் இன்னும் கவனம். இவர்களுக்கு இந்தப் புகை இரட்டிப்புக் கெடுதல்.

யாராவது மயங்கினால் உடனே கதவு, ஜன்னலைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். 108-ஐ அழையுங்கள். சோடா, மோர் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அடுப்பில் என்ன எரித்தீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அந்தத் தகவல் ரொம்ப முக்கியம்.