ஓடும் ரவிக்கையும் பணக்கார முந்தானையும்

உஷ்! சத்தம் போடாமல் வாருங்கள். செருப்பைத் திண்ணையோடு விட்டுவிடுங்கள். நாம் எட்டிப் பார்க்க வந்தது தறியை இல்லை. தறிக்கு நாலடி தள்ளி, தரையில் சம்மணம் போட்டு, செல்போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாரே ஒரு மருமகள், அவரைத்தான்!

ஊர் ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். குழித்தறியில் மாமனார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கி ஒவ்வொன்றாகப் புரள்கின்றன. லடக், லடக். புடவை ஒன்று நெய்து, மடித்து, படமும் எடுத்தாயிற்று. பாக்கி நாலே நாலு வரிதான். ஆன்லைனில் படத்துக்குக் கீழே போடுவார்களே, அந்த நாலு வரி. அதை எழுதுவதற்குள் நடக்கிற கூத்து இருக்கிறதே!

முதல் முயற்சி, குறுக்கு வழி. வேறு யாரோ இங்கிலீஷில் எழுதியதை எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் கொட்டினார் மருமகள். வந்து விழுந்தது பாருங்கள்: ரன்னிங் பிளவுஸ், 'ஓடும் ரவிக்கை' ஆயிற்று. ரிச் பல்லு, 'பணக்கார முந்தானை'. டெம்பிள் பார்டர், 'கோயில் எல்லை'!

"ரவிக்கை ஓடிப்போச்சுன்னா புடவை என்னாம்மா பண்ணும்?" என்று மாமனார் கேட்க, அடுப்படியிலிருந்து மாமியார் சிரிப்பு. தறி நின்றே போனது.

இரண்டாவது முயற்சி, சொந்தச் சரக்கு. "கண்ணைக் கவரும் வண்ணத்தில், நேர்த்தியான வேலைப்பாட்டுடன், பாரம்பரியம் மிளிரும் அழகிய பட்டுப் புடவை" என்று ராகம் போட்டுப் படித்தார். மாமனார் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா இதுல நம்ம புடவை எங்க இருக்குது?"

அட! எழுதிப் பிழைக்கிற நாம் எல்லோரும் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. அந்த வரியைப் போர்வைக்குப் போட்டாலும் பொருந்தும், பூ ஜாடிக்குப் போட்டாலும் பொருந்தும்.

மூன்றாவது முயற்சியில்தான் கச்சேரி களைகட்டியது. மாமனார் சொல்லச் சொல்ல மருமகள் தட்டினார்.

"நீலம்னு போடட்டுமா மாமா?"

"பாவு நீலம், ஊடை பச்சை. ரெண்டும் கலந்தா மயில்கழுத்து. மடிப்புல ஒரு நெறம் அடிக்கும், வெயில்ல பிடிச்சா வேற நெறம் அடிக்கும்."

பார்த்தீர்களா! நீளவாட்டு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. கேமரா பிடித்தது ஒரு நிறம்தான். இன்னொன்றைச் சொல்ல எழுத்து வேண்டியிருக்கிறது. அதற்குத் தமிழில் பஞ்சமா என்ன? அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெங்காயச் சருகு... பட்டுக்கடைக்காரர்கள் வாயில் நிறமெல்லாம் சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வரும். கடையில் என்றால் புடவையை உதறி விரித்துப் போடுவார்கள். நீங்கள் முந்தியைக் கசக்கிப் பார்ப்பீர்கள். ஆன்லைனில் அந்த விரலின் வேலையையும் வரிதான் செய்தாக வேண்டும்.

அடுத்தது, சண்டை! "காஞ்சிபுரம்னு ஒரு வார்த்தை சேர்த்தாதான் மாமா தேடறவங்க கண்ணுல படும்." மறுபடி தறி நின்றது. "ஆரணியில நெய்ததுக்கு ஆரணின்னு போடும்மா." நியாயம்தானே? காஞ்சிபுரம் பட்டுக்கு ஒரு புவிசார் குறியீடு என்றால், ஆரணிப் பட்டுக்கும் தனியாக ஒன்று இருக்கிறது.

'கோர்வை' என்ற சொல்லும் அடிபட்டது. கோர்வை என்றால் உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உதவிக்கு இன்னொரு கை வேண்டும். இந்தப் புடவையில் ஓடியது ஒரே நாடா. அழி!

பிறகு ஜரிகை. "டெஸ்டட் ஜரிகைன்னே எழுது. செம்புக் கம்பி மேல பூச்சு."

"விலை குறைச்சுக் கேப்பாங்களே மாமா?"

"கேக்கட்டும். நாலு கல்யாணத்துக்குக் கட்டினப்புறம் கறுத்துச்சுன்னா திட்டு வாங்கப்போறது நீதான்."

ஒரு சொல் எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு இந்தத் தொழிலிலேயே ஓர் உதாரணம் உண்டு: ஆர்ட் சில்க். கலைநயமிக்க பட்டு என்று நினைத்து வாங்கினீர்களானால் போச்சு. அந்த 'ஆர்ட்', செயற்கை என்பதற்கான இங்கிலீஷ் சொல்லின் முதல் துண்டு. அதில் பட்டுப்பூச்சிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை! மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் சில்க் மார்க் முத்திரையைக் கொண்டுவந்ததே இப்படி ஏமாறாமல் இருக்கத்தான். 'கைத்தறி' என்பதும் வெறும் அலங்காரச் சொல் இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கென்று ஒதுக்கிய பொருட்களில் புடவையும் ஒன்று. விளம்பரத்தில் சொல்வதும் அனுப்புகிற பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 2020-இன் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. ஆனால் விதி எதையும் புரட்டாமலே குழித்தறியில் உட்கார்ந்தபடி ஒருவர் இதையெல்லாம் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை!

கடைசியில் திரையில் நின்ற நாலு வரி இதுதான்:

"ஆரணிப் பட்டு, கைத்தறி. பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பில் மயில்கழுத்து நிறம் மாறி மாறித் தெரியும். டெஸ்டட் ஜரிகை, கோர்வை இல்லை. ரவிக்கைத் துணி புடவையோடு சேர்ந்தே வரும், வெட்டிக்கொள்ளலாம்."

கண்ணைக் கவரவில்லை, பாரம்பரியம் மிளிரவில்லை. ஆனால் புடவை இருக்கிறது! மாமனார் தலையை ஆட்டிவிட்டு நாடாவைத் தள்ளினார். லடக், லடக்.

ஆகவே, வாசகர்களே, ஆன்லைனில் பட்டு வாங்கும்போது படத்தோடு நின்றுவிடாதீர்கள். அடியில் உள்ள வரிகளையும் படியுங்கள். எந்த ஊர், என்ன தறி, என்ன நூல், என்ன ஜரிகை என்ற நான்கும் அதில் இல்லையென்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.