ரசீதில் எழுதாத தொகை

நம் சங்கத்து அன்பர் ஒருவர் மகனைத் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிட்டு, ரசீதை என் கடைக் கல்லாமேல் வைத்தார். "என்ன நயினார், வருஷத்துக்கு இவ்வளவுதானா? இவன் பள்ளிக்கூடத்துக்கே இதைவிடக் கூடக் கட்டினேனே!" என்றார். "நீங்கள் கொடுத்தது விற்ற விலை, அடக்க விலை வேறே" என்றேன். வியாபாரி புத்தி அப்படித்தான் போகும்.

பேராசிரியர் சம்பளம், ஓய்வூதியம், ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம். மாணவர் கட்டுவது அதில் சிறுபங்கு. மீதி நம் வரிப்பணம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அது 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு வழியாக வருகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் மாநிலக் கஜானாதான் கதி. மானியம் மாணவன் பேரில் பற்று எழுதப்படுவதில்லை, நிறுவனத்துக்கு மொத்தமாகப் போகிறது. ஆகவே காரில் வருகிற பிள்ளைக்கும் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கும் ஒரே தள்ளுபடி.

இது சரியா என்ற கேள்வி பழையது. மானியக் குழு நியமித்த நீதிபதி புன்னய்யா குழு 1993இல், பல்கலைக்கழகங்கள் தம் நடப்புச் செலவில் 15 சதவீதத்தை ஐந்தாண்டிலும், 25 சதவீதத்தைப் பத்தாண்டிலும் தாமே திரட்ட வேண்டும் என்றது. 2016இல் ஐ.ஐ.டி.களில் இளநிலைக் கல்விக்கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாயிற்று. அப்போதே, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவருக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழான குடும்பத்துக்கும் முழு விலக்கு. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. இந்த முறை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் குமாஸ்தா வீடு என்ன செய்யும்? வங்கிக் கடன்தான்.

வெளியூரில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. எந்தக் கஜானா பணம் கொடுக்கிறதோ, அது தன் ஊர்ப் பிள்ளைக்கே முதலிடம் கேட்கும். தில்லிப் பல்கலைக்கழகம் மத்திய நிறுவனம். 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு எழுதி எந்த மாநிலத்தாரும் சேரலாம். தில்லி அரசு 1998இல் நிறுவிய இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகத்திலோ 85 சதவீத இடம் தில்லிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு.

அன்பர் தம் இளைய மகளைப் பதினோராம் வகுப்புக்குக் கும்பகோணத்தில் பாட்டியிடம் அனுப்ப நினைத்திருந்தார். "அனுப்பினால் இங்கே அந்த 85இல் அவள் இல்லை" என்றேன். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், "வீட்டிலே பேசிட்டு வரேன்" என்று எழுந்தார்.